பொறியியலாளர் பிரதேச சபைக்குப் போட்டியிடுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்கான வழிகாட்டி

வேல்ஸ் அரசியலில் ஜெஃப் கத்பெர்ட் என்றொருவர் இருந்தார். கார்டிஃபில் சுரங்கப் பொறியியல் படித்து, தேசிய நிலக்கரிச் சபையில் வேலை பார்த்தவர். 2003 இல் தொழிற்கட்சி சார்பில் கெயர்ஃபிலி தொகுதியிலிருந்து வேல்ஸ் சட்டமன்றத்துக்குத் தெரிவாகி 2016 வரை உறுப்பினராக இருந்தார். இடையில் திறன் அபிவிருத்திக்கான பிரதி அமைச்சர், அதன்பின் சமூகங்களுக்கும் வறுமை ஒழிப்புக்குமான அமைச்சர். 2016 முதல் 2024 வரை குவென்ட் பகுதியின் பொலிஸ், குற்றத்தடுப்பு ஆணையாளர். இந்தப் பதவிகளில் சுரங்கமும் இல்லை, வீதியும் இல்லை. அரசியலுக்குப் போகும் பொறியியலாளர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். அங்கே உங்களிடம் யாரும் வரைபடம் கேட்கப்போவதில்லை.

வேல்ஸ் சட்டமன்றத்துக்கு இங்கே கிட்டத்தட்ட ஒப்பானது மாகாண சபை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை. ஆகவே திறந்திருக்கும் வாசல் உள்ளூராட்சி சபைதான். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என்று பன்னிரண்டு இருக்கின்றன. 2023 மார்ச்சில் காலம் முடிந்து, உறுப்பினர்களே இல்லாமல் இரண்டு வருடம் கிடந்து, 2025 மே 6 தேர்தலோடுதான் இவை மீண்டும் கூடின. அடுத்த தேர்தலுக்கு ஆயத்தப்பட நினைப்பவர் இப்போதே தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

ஏன் போக வேண்டும் என்பதில் தெளிவு

வேல்ஸிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1966 ஒக்டோபர் 21 காலை, அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே குவிந்திருந்த ஏழாம் இலக்கச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பாடசாலையின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் பிள்ளைகள். மேடு நீரூற்றுகளின் மேல் கொட்டப்பட்டிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பே, 1963 இல், மேர்தர் டிட்வில் நகர சபையின் பொறியியல் பிரிவு நிலக்கரிச் சபைக்கு எழுத்தில் எச்சரித்திருந்தது. கடிதம் போனது, பதிலும் வந்தது. கழிவு கொட்டுவது நிற்கவில்லை.

தொழில்நுட்ப எச்சரிக்கை கோவைக்குள் தூங்குவதை நம் சபைகளிலும் பார்க்கலாம். “இந்த மதகு காணாது”, “இந்தக் கான் மட்டம் பிழை” என்று உத்தியோகத்தர் எழுதி வைத்த குறிப்பை, திகதியும் பணமும் உள்ள தீர்மானமாக மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. உறுப்பினருக்கு உண்டு. பொறியியல் அறிவுள்ள உறுப்பினரின் பெறுமதி முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழி.

போட்டியிடாமலே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபை தன் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தொழில்நுட்ப சேவைகள் குழு உங்களுக்கு ஏற்ற இடம். தவிசாளருக்கு ஒரு பக்கக் கடிதம், தகைமை விபரத்தோடு கொடுங்கள். ஒரு வருடம் அதில் இருந்து பார்த்தால், தேர்தலுக்குப் போகும் ஆசை கூடுமா குறையுமா என்று தெரிந்துவிடும்.

வேட்புமனுவுக்கு முன் மூன்று சோதனை

முதலாவது, வாக்காளர் இடாப்பு. போட்டியிடும் சபையின் எல்லைக்குள் நீங்கள் வசித்து, அங்கே பதிவாகியிருக்க வேண்டும். அதே வட்டாரமாக இருக்கத் தேவையில்லை. வேலைக்காகக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து திரும்பிய பொறியியலாளர்கள் வழுக்கி விழும் இடம் இது. வீடு களுவாஞ்சிக்குடியில், பதிவு தெஹிவளையில். வருடாந்தப் பதிவுப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் நிரப்பிக் கொடுத்ததோடு விடாமல், இடாப்பு காட்சிக்கு வைக்கும்போது போய்ப் பெயரைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, உத்தியோகம். இலங்கைப் பொறியியல் சேவை போன்ற பதவிநிலைத் தரத்தில் இருப்பவருக்கு அரசியல் உரிமை இல்லை. ஓய்வு பெற்றோ விலகியோதான் வரவேண்டும். அதற்குக் கீழான தரங்களில் சிலருக்குச் சம்பளமற்ற விடுமுறையில் போட்டியிட இடமுண்டு. உங்கள் பதவி எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அரச ஊழியருக்கான விதித்தொகுப்பாகிய தாபனக் கோவையின் 32 ஆம் அத்தியாயத்தில் பார்த்து, திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். “பிரச்சினையில்ல சேர், நீங்க கேளுங்க” என்று காரியாலயத்தில் யாராவது வாயால் சொன்னது ஆட்சேபனை வரும்போது உதவாது.

மூன்றாவது, ஒப்பந்தம். அந்தச் சபையோடு உங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை ஒப்பந்தம் இருந்தால் அது தகுதியின்மைக்குக் காரணமாகலாம். ஒப்பந்தகாரர்களாகவும் இருக்கும் பொறியியலாளர்கள், வேலைக்கு உத்தரவாதமாகச் சபை பிடித்து வைத்த பணம் உட்படக் கணக்கை முடித்து, முடித்ததற்கான கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. மனைவியின் பெயரில் பதிவான நிறுவனத்தையும் இதில் சேர்த்தே யோசியுங்கள்.

கட்சியா, சுயேச்சைக் குழுவா

உள்ளூராட்சித் தேர்தலில் தனி ஒருவராக நிற்க முடியாது. கட்சிப் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது சுயேச்சைக் குழு அமைக்க வேண்டும். குழு என்றால் வர்த்தமானியில் குறித்த எண்ணிக்கைக்கு எல்லா வட்டாரத்துக்கும் ஆள், அதோடு மேலதிகப் பட்டியலுக்கும் ஆள். உங்கள் ஊரில் மட்டும் நின்று பார்க்கலாம் என்பது நடக்காது.

கட்டுப்பணம் 2025 இல் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய், சுயேச்சை வேட்பாளருக்கு 5,000 ரூபாய். இருபது பெயர் தேவைப்படும் சபையில் கட்சிக்கு 30,000, குழுவுக்கு ஒரு இலட்சம்.

ஆசனக் கணக்கு ஒரு பொறியியலாளருக்குக் கடினமில்லை. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் மேலதிகப் பட்டியலுக்கு. வாக்காளர் போடுவது ஒரே வாக்கு. அதுவே இரண்டுக்கும் எண்ணப்படும். 16 ஆசனமுள்ள சபையில் செல்லுபடியான வாக்கு 20,000 என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆசனத்தின் பெறுமதி சுமார் 1,250 வாக்கு. பத்து வட்டாரத்திலும் தோற்ற குழு ஒன்று, வட்டாரத்துக்கு 130 என்று 1,300 வாக்கு சேர்த்திருந்தால் பட்டியலில் ஒருவரை உள்ளே அனுப்பலாம். இதனால்தான் வெல்லவே முடியாத வட்டாரத்துக்கும் உழைக்கக்கூடிய ஆளைப் போட வேண்டும். பெயர் நிரப்ப ஆள் பிடித்தால் அங்கே முப்பது வாக்குத்தான் வரும்.

சண்டை வருவது இதற்குப் பிறகு. பட்டியல் ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்று பெயர் கொடுப்பவர் கட்சிச் செயலாளர் அல்லது குழுத் தலைவர். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடும் அந்தத் தெரிவைக் கட்டுப்படுத்தும். “உனக்குத்தான் பட்டியல்” என்று மூன்று பேருக்குச் சொல்லியிருப்பார்கள். வேட்புமனுவில் கையொப்பம் வைக்கும் நாளிலேயே, ஓர் ஆசனம் கிடைத்தால் யார், இரண்டு கிடைத்தால் யார் என்று எழுதி எல்லோரும் ஒப்பமிட்டு வையுங்கள். சட்டப்படி அது எவ்வளவு செல்லும் என்பது வேறு. ஊருக்குள் அது செல்லும்.

வேட்புமனு எங்கே உடையும்

2025 இல் நாடு முழுவதும் கணிசமான வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பல நீதிமன்றம் வரை போயின. காரணங்கள் பெரிய அரசியல் காரணங்கள் அல்ல. இளைஞர் வேட்பாளரின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் உரிய முறையில் உறுதிப்படுத்தப்படாதது, அரசியலமைப்பின்படி செய்ய வேண்டிய சத்தியப் பிரமாணத்தில் ஒப்பம் விடுபட்டது போன்றவை. வேலைத்தளத்தில் கொங்கிறீட் போடுமுன் கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது போல, இதற்கும் ஒரு சரிபார்ப்புத் தாள் வேண்டும்: ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரி. அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேட்புமனுவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா, வாக்காளர் இடாப்பு இலக்கம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், சத்தியப் பிரமாணம், கையொப்பம், பெண் வேட்பாளர் எண்ணிக்கை, இளைஞர் எண்ணிக்கை. நிரப்பியவர் சரிபார்க்கக் கூடாது. வேறு ஒருவர் பார்க்கட்டும்.

கையளிப்பது கச்சேரியில், தெரிவத்தாட்சி அலுவலரிடம். கட்சியென்றால் அதிகாரமளிக்கப்பட்ட முகவர், குழுவென்றால் குழுத் தலைவர். கடைசி நாள் நண்பகலோடு கதவு மூடும். 2025 இல் மார்ச் 17 முதல் 20 நண்பகல் வரை என நாலு நாள்தான் இருந்தது. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ கடைசி நாள் காலையில் புறப்பட்டுப் போய், ஒரு ஒப்பம் குறைவென்று தெரிந்தால் அந்த ஆளைக் கூட்டி வர நேரமில்லை. முதல் நாளே கொடுப்பது அவசரம் அல்ல, பாதுகாப்பு.

வட்டாரப் படிப்பு

வாக்குக் கேட்கப் போகுமுன் செய்யும் இந்த வேலைதான் உங்களையும் மற்ற வேட்பாளரையும் பிரிக்கும். ஆறுமாத வேலை, அதில் மாரி காலம் கட்டாயம் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ப்பதால், மே மாதத்தில் வட்டாரத்தைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் நிற்கும் நாளில் அளவு நாடாவோடு போங்கள். ஒவ்வொரு தாழ்ந்த இடத்திலும் சுவரிலோ மின்கம்பத்திலோ நீர்மட்டத்தைக் குறித்து, திகதியோடு படம் எடுங்கள். வடிய எத்தனை மணி எடுத்தது என்று அந்த வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு கானின் மட்டங்களை எடுக்க வேண்டும். மட்டக்கருவி இல்லாவிட்டாலும் மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் காணும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற மிகத் தட்டையான சரிவுக்கே 300 மீற்றர் கானுக்கு 30 சென்ரிமீற்றர் இறக்கம் தேவை. நடுவில் ஒரு கேற்றுக்கு முன்னால் போட்ட கொங்கிறீட் பலகை ஐந்து சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தாலும் மேல்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். பெரும்பாலான “கான் போட்டும் வடியவில்லை” முறைப்பாடுகளின் அடி இங்கேதான் கிடக்கிறது.

அடுத்தது மதகு. ஒரு உதாரணம். ஐந்து ஹெக்டேயர் நிலம், பாதி கூரையும் வீதியும் பாதி மணல் வளவும் என்று ஓட்டக் குணகம் (மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவரும் மழையின் பங்கு) 0.5, மழைச் செறிவு மணிக்கு 75 மில்லிமீற்றர். மூன்றையும் பெருக்கி 360 ஆல் வகுத்தால் விநாடிக்கு சுமார் 0.52 கனமீற்றர். ஐந்நூறுக்கு ஒன்று சரிவில் கிடக்கும் 600 மில்லிமீற்றர் ஹியூம் பைப் (கொங்கிறீட் குழாய்) ஒன்று நிறைந்து ஓடினால் சுமார் 0.27 தான் கொண்டுபோகும். அதாவது வரும் தண்ணீரில் பாதி வீதிக்கு மேலால் போகும். பைப்பில் பாதி மணல் நிறைந்திருந்தால் அதுவும் இல்லை.

உடனே 900 பைப் போடு என்று சொல்லத் தோன்றும். 900 பைப் 0.8 வரை கொண்டுபோகும்தான். ஆனால் அதன் வெளி விட்டமே ஒரு மீற்றரைத் தாண்டும், மேலே மூடுமண்ணும் வேண்டும். தட்டையான ஊரில் அதற்காக வீதியை உயர்த்தினால் இரண்டு பக்க வாசலும் பள்ளமாகும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 600 பைப் போடுவது இங்கே பல இடங்களில் புத்தி.

எந்த பைப்பும் உதவாத நிலை ஒன்றும் உண்டு. வாவி மட்டம் ஏறி முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால், கானின் வாய் தண்ணீருக்குள் இருக்கும். சரிவு காகிதத்தில் மட்டும் இருக்கும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் தோணா, அதாவது கடலில் விழும் வடிச்சல் ஓடை, அடைபட்டாலும் இதே கதை. அந்த இடத்தில் மதகைப் பெருப்பிப்பதாக வாக்குறுதி கொடுத்தால் அடுத்த மாரியில் உங்கள் பெயர் கெடும். ஆற்றுவாய் வெட்டும் தீர்மானம் மாவட்ட மட்டத்தில் எடுக்கப்படுவது. உறுப்பினர் செய்யக்கூடியது நீர்மட்டப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தோடு அழுத்தம் கொடுப்பது.

வீதி யாருடையது என்பதையும் இப்போதே பிரித்து வையுங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு; சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு; உள் வீதிகள் சபைக்கு. வயல் வடிச்சல் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையதாகவோ கமநல சேவையுடையதாகவோ இருக்கலாம். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பிரச்சினைக்கும் பக்கத்தில் உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டும்.

பழைய வேலைகளின் மதிப்பீடு, அளவுப் பட்டியல், முடிவு அறிக்கை ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “வட்டாரத்தில் செய்த வேலைகள் எல்லாம்” என்று கேட்டால் இழுபடும். வீதியின் பெயர், வருடம், ஆவணத்தின் பெயர் குறித்து ஒன்றொன்றாகக் கேளுங்கள்.

சனத்தோடு பேசுவது

பொறியியலாளர் அதிகம் தோற்பது இங்கேதான். கணக்குச் சரி, பேச்சு அறிக்கை மாதிரி. “என்ன மனே, தண்ணி அடுப்படிக்குள்ள நிக்குது, நீங்க குணகம் சொல்றீங்க” என்று ஒரு அம்மா கேட்டால் கூட்டம் முடிந்தது. எண்ணைக் காட்டாமல் குறியைக் காட்டுங்கள்: அவர் வீட்டுச் சுவரில் நீங்கள் கீறிய கோடு, பக்கத்து வளவுக் கேற்றடியில் உயர்ந்து நிற்கும் பலகை, இரண்டுக்கும் நடுவில் பிடித்த தண்ணீர்க் குழாய். அதைக் கண்ணால் கண்டவர் வாக்குப் போடாவிட்டாலும் கேற்றடிப் பலகையை உடைக்கச் சம்மதிப்பார்.

கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் எல்லோரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒரே இடத்தில் கூட்டினால் பேசுபவர் மட்டும் பேசுவார்.

செலவுக் கணக்கு பற்றி ஒரு வரி: 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு விபரம் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். முதல் துண்டுப்பிரசுரத்திலிருந்தே பற்றுச்சீட்டைச் சேருங்கள். நண்பர் இலவசமாகத் தந்த பதாகையும் கணக்கில் வரும்.

உள்ளே போன பிறகு

பிரதேச சபைகள் சட்டத்தில் நான்கு குழுக்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: நிதி மற்றும் கொள்கை, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடல். பொறியியலாளரை எல்லோரும் தொழில்நுட்பக் குழுவுக்குத் தள்ளுவார்கள். நிதிக் குழுவிலும் இடம் கேளுங்கள். பணம் ஒதுக்காத மதிப்பீடு கடதாசிதான்.

பிரேரணை எழுதும்போது யார், என்ன, எப்போது, எந்தப் பணம் என்ற நாலும் இருக்க வேண்டும். “வடிகான் பிரச்சினைக்குத் தீர்வு காண வேண்டும்” என்பதை எல்லோரும் கை உயர்த்தி நிறைவேற்றுவார்கள். யாரும் செய்ய மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “ஆறாம் வட்டாரம் பாடசாலை வீதியின் 120 ஆவது மீற்றரிலுள்ள ஒற்றை 600 மில்லிமீற்றர் குழாய் மதகை இரட்டைக் குழாய் மதகாக மாற்றுவதற்கு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஓகஸ்ட் 31 க்கு முன் மதிப்பீடு தயாரித்துக் குழுவுக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்றும், அத்தொகையை அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் சபை தீர்மானிக்கிறது.” ஓகஸ்ட் என்பது காரணத்தோடு. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, வரைவு அதற்கு முன் ஆயத்தமாகிவிடும். நவம்பரில் வெள்ளத்துக்குள் நின்று பிரேரணை கொண்டுவருபவருக்கு கைதட்டல் கிடைக்கும், ஒதுக்கீடு கிடைக்காது. அடுத்த கூட்டத்தில் கூட்டறிக்கை வாசிக்கும்போது உங்கள் வசனம் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். “ஆராயப்பட்டது” என்று சுருங்கியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தம் கேளுங்கள்.

மதிப்பீட்டில் கண் வைக்க வேண்டிய இடங்கள் சில. நூறு மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலமான கொங்கிறீட் வீதி 15 சென்ரிமீற்றர் தடிப்பில் 45 கனமீற்றர். வேலைத்தளத்தில் அது 10 சென்ரிமீற்றராக இறங்கினால் 15 கனமீற்றர் காணாமல் போகிறது. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவையில் அது தொண்ணூறு பைக்கு மேலான சீமெந்து. பலகை ஓரத்தில் தடிப்புச் சரியாக இருக்கும், நடுவில் கிறவல் உயர்ந்திருக்கும். ஓரத்தில் அளந்து ஏமாறாமல், கொங்கிறீட் கொட்டுமுன் இரண்டு பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி நடுவில் அளக்கச் சொல்லுங்கள். கரையோர மணலில் பொலித்தீன் விரிக்காமல் கொட்டினால் கலவைத் தண்ணீரை மணல் குடித்துவிடும், மேற்பரப்பு ஒரு மாரியில் உரியும். ஈரச் சாக்குப் போட்டு ஆகக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். மதகுக்குக் கடற்கரை மணல் இறக்கினால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். உப்பு கம்பியைத் தின்னும்.

இதையெல்லாம் நீங்களே போய் ஒப்பந்தகாரரிடம் கத்துவது முறையல்ல. தொழில்நுட்ப உத்தியோகத்தர் உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர் அல்ல. செயலாளர் ஊடாக, எழுத்தில். உங்களைவிடக் குறைந்த தகைமை உள்ளவர் என்று நினைத்து அவரைக் கூட்டத்தில் கேள்வி கேட்டு மடக்கினால், அடுத்த நாலு வருடத்துக்கு உங்கள் கோவை மேசையின் அடியில் இருக்கும். குறையைத் தனியே சொல்லிவிட்டு, திருத்தத்தை அவர் பெயரிலேயே குழுவுக்கு வரவிடுங்கள்.

கடைசியாக, தனித்தொழில். வீட்டு வரைபடம் கீறி அனுமதிக்குக் கொடுப்பது நம் பகுதியில் பல பொறியியலாளரின் பக்க வருமானம். உறுப்பினரான பிறகு அதே சபைக்கு உங்கள் ஒப்பத்தோடு வரைபடம் போகக் கூடாது. பழைய விண்ணப்பம் ஏதும் இருந்தால் அதைப் பேசும் கூட்டத்தில் தொடர்பை அறிவித்து வெளியே இருங்கள், வெளியேறியதைக் கூட்டறிக்கையில் பதிவிக்கச் சொல்லுங்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் சொத்து, பொறுப்புப் பிரகடனமும் கொடுக்க வேண்டும். கொமிஷனுக்கு வாங்கித் தரும் கலவை இயந்திரம், வாடகைக்கு ஓடும் ட்ராக்டர் எல்லாம் அதில் வரவேண்டும், தம்பியின் பெயரில் ஓடினாலும் பணம் உங்கள் கைக்கு வருகிறதென்றால் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு நிரப்புங்கள்.